கோடு போட்ட இடமெல்லாம் உலோகம்: வெட்டுத் தோற்றம் வரைபவர்கள் கவனத்துக்கு

படங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. வடிவமைப்பாளர் வரைந்த டிராயிங் பட்டறைக்குப் போகும் முன் என் மேசைக்கு வரும். தப்பெல்லாம் அளவுகளில்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அளவு தப்பினால் கூட்டிப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். வெட்டுத் தோற்றத்தில், அதாவது செக்‌ஷன் வியூவில், வரும் தப்பு அப்படிச் சிக்காது. படம் முழுமையாகத்தான் தெரியும், ஆனால் வேறு ஏதோ ஒரு பொருளின் படமாக இருக்கும்.

உள்ளே பல துளைகளும் படிகளும் இருக்கும் பொருளை வெளியிலிருந்து வரைந்தால் விட்டுவிட்டுப் போகும் மறைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். எது முன்னால், எது பின்னால் என்று யாருக்கும் புரியாது. அதனால் ஒரு தளத்தால் பொருளை வெட்டியதாகக் கற்பனை செய்து, நமக்கும் தளத்துக்கும் நடுவில் இருப்பதை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்து வரைகிறோம். தளம் உலோகத்தைத் தொட்ட இடங்களில் மட்டும் 45 பாகை சாய்வில் மெல்லிய கோடுகள் போடுகிறோம். அந்த ஹேட்சிங்குக்கு ஒரே அர்த்தம்தான்: இந்த இடத்தில் கெட்டியான பொருள் வெட்டுப்பட்டிருக்கிறது. படத்தைப் படிப்பவர் அதை அப்படியே நம்புவார்.

நான் அதிகம் பார்க்கும் தப்பு, பின்னால் தெரிய வேண்டிய விளிம்பை விட்டுவிடுவது. ஒரு வட்டமான ஃப்ளேஞ்சை, அதாவது நடுவில் துளையுள்ள இணைப்புத் தட்டை, எடுத்துக்கொள்வோம். வெளி விட்டம் 100 மிமீ, தடிமன் 40. நடுவில் 30 மிமீ துளை முழுக்கப் போகிறது. ஒரு பக்கத்திலிருந்து 15 மிமீ ஆழத்துக்கு அதே துளை 50 மிமீ ஆக அகலமாகிறது. அச்சு படுக்கையாக இருக்கும்படி வைத்து நடுவில் வெட்டினால், அச்சுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஹேட்சிங் பகுதிகள் வரும். பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் படத்தின்படி மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, நடுவில் ஒன்றுமே இல்லை!

ஆனால் வெட்டுக்குப் பின்னால் பாதி ஃப்ளேஞ்ச் இன்னும் இருக்கிறதே. அகலத் துளையின் வாய் விளிம்பு வளைந்து போவது நம் பார்வையில் நேர்கோடாகத் தெரியும், அது 50 மிமீ நீளக் கோடு. படி இருக்கும் இடத்தில் இன்னொரு 50 மிமீ கோடு. அடுத்த முகத்தில் சின்னத் துளையின் விளிம்பு, 30 மிமீ. இந்த மூன்று கோடுகளும் வந்த பிறகுதான் அது ஃப்ளேஞ்ச். ஹேட்சிங் போட்டு முடித்ததும், ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு விரலை நகர்த்திப் பாருங்கள். நடுவில் வெறுமையாக இருந்தால், பின்னால் என்ன தெரிகிறது என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரிப். இது பணத்தைத் தின்னும் தப்பு. ஒரு தாங்கியில் அடித்தட்டும் நிமிர்ந்த உருளையும் இருக்கின்றன, இரண்டையும் பிடித்துக்கொள்ள மெல்லிய முக்கோண ரிப் இருக்கிறது. வெட்டுத் தளம் ரிப்பின் நீளவாக்கில், சரியாக நடுவே போகிறது. கணக்குப்படி அங்கே உலோகம் வெட்டுப்படுகிறதுதான். ஆனாலும் ஹேட்சிங் போடக் கூடாது என்பது மரபு. போட்டால், 8 மிமீ தகடாக இருக்க வேண்டியது உருளையைச் சுற்றிக் கூம்பு மாதிரி மொத்தமான கட்டியாகத் தெரியும். ரிப்பின் எல்லைக் கோடுகளை வரைந்து உள்ளே வெறுமையாக விட வேண்டும். அதே ரிப்பைக் குறுக்காக, தடிமன் தெரியும்படி வெட்டினால், அப்போது தாராளமாக ஹேட்சிங் போடலாம்.

இப்படி ரிப் முழுக்க ஹேட்சிங் போட்ட படம் ஒன்று என் கைக்கு வராமலே வார்ப்புக்கு விலை கேட்கப் போய்விட்டது. வார்ப்படக்காரர்கள் சொன்ன எடை கணினி மாடலின் எடையைவிட வெகுவாக அதிகம். மேல் தோற்றத்தில் ரிப்பின் தடிமன் காட்டியிருந்தேனே என்றார் வரைந்தவர். காட்டியிருந்தார், உண்மைதான். ஆனால் விலை போடுபவரின் கண் முதலில் போவது வெட்டுத் தோற்றத்துக்குத்தான். மென்பொருள் தன்போக்கில் எல்லாவற்றையும் வெட்டிக் கோடு போட்டுவிடும். எதை வெட்டக் கூடாது என்று குறித்துக் கொடுப்பது வரைபவரின் பொறுப்பு.

ஷாஃப்ட், போல்ட், நட், ரிவெட், கீ, காட்டர், பின், பியரிங்கின் குண்டுகள் எல்லாவற்றுக்கும் இதே வழக்கம். நீளவாக்கில் வெட்டிக் காட்ட அவற்றின் உள்ளே எதுவும் இல்லை. ஷாஃப்டில் கீவே, அதாவது கீ உட்காரும் பள்ளம், இருந்தால் அந்த இடத்தை மட்டும் உடைத்த மாதிரி பகுதி வெட்டாகக் காட்டினால் போதும். அப்புறம், போல்ட் மரைத் துளைக்குள் இறங்கியிருக்கும் இடத்தில் போல்ட்டின் மரைதான் மேலே தெரிய வேண்டும். துளையின் கோடுகள் போல்ட்டுக்கு மேல் ஓடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அசெம்பிளி படத்தில் அடுத்தடுத்து இருக்கும் பாகங்களுக்கு ஹேட்சிங்கின் சாய்வையோ இடைவெளியையோ மாற்றுங்கள். ஒரே பாகம் இரண்டு இடங்களில் வெட்டுப்பட்டால் மட்டும் இரண்டிலும் ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. பொருளின் விளிம்பே 45 பாகையில் இருந்தால் ஹேட்சிங்கைத் திருப்பிப் போடுங்கள், இல்லாவிட்டால் விளிம்பு எது, ஹேட்சிங் எது என்று தெரியாது. பாகங்களுக்கு நடுவில் கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட் மாதிரி மெல்லியவற்றைக் கறுப்பாக நிரப்பிவிடலாம்.

பாதி வெட்டில் வெட்டிய பாதியையும் வெட்டாத பாதியையும் பிரிப்பது மையக்கோடுதான். அங்கே தடித்த கோடு போட்டால் அந்த இடத்தில் நிஜமாகவே ஒரு விளிம்பு இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும். முன் தோற்றத்தில் வெட்டியதற்காக மேல் தோற்றத்தையும் பாதியாக்கிவிடும் மாணவர்கள் உண்டு. வெட்டு கற்பனைதான், மற்ற தோற்றங்களில் பொருள் முழுசாகவே இருக்கும். படிப்படியாக மடங்கிப் போகும் தளத்தால் வெட்டும்போது, தளம் மடங்கும் இடத்தில் வெட்டுத் தோற்றத்தில் கோடு வராது. பொருளில் அப்படி ஒரு விளிம்பே கிடையாது.

அம்புக்குறியை எல்லோரும் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். தளம் எங்கே வெட்டுகிறது என்று இன்னொரு தோற்றத்தில் காட்டும் வெட்டுக்கோட்டின் முனையில் இருக்கும் அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதைச் சொல்கிறது. அம்பு திரும்பிவிட்டால் தோற்றம் கண்ணாடி பிம்பமாகப் படிக்கப்படும். இடது பக்கம் போட வேண்டிய துளையை வலது பக்கம் போட்டுவிடுவார்கள். தோற்றங்களைத் தாளில் அடுக்கும் இரண்டு முறைகளான முதல் கோண முறையிலும் மூன்றாம் கோண முறையிலும் தோற்றம் வைக்கும் பக்கம் மாறுவதால் குழப்பம் இன்னும் கூடும். அதனால் அம்போடு ‘ஏ–ஏ’ என்று எழுத்தும் கொடுங்கள், வெட்டுத் தோற்றத்துக்கு மேலும் அதே பெயரை எழுதுங்கள். பொறியியல் படங்களுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 128-இன் மூன்றாம் பகுதி தோற்றங்களுக்கும் வெட்டுகளுக்குமே உரியது. வரைபவர் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அதைப் படித்திருக்க வேண்டும்.

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் நான் ஒரு பயிற்சி கொடுப்பேன். அவர்கள் வரைந்த தாளில் மற்ற தோற்றங்களை மூடிவிட்டு, வெட்டுத் தோற்றத்தை மட்டும் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டச் சொல்வேன். அதைப் பார்த்து அவர் வெள்ளைத் தாளில் பொருளைக் கையால் வரைய வேண்டும். இரண்டு பேரும் ஒரே பொருளை வரைந்திருந்தால் படத்தில் கையெழுத்துப் போடுவேன்.