இழைவேலை: ‘ஃபிலிக்ரீ’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

நகை வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி வரும் சொற்களில் ஒன்று ‘ஃபிலிக்ரீ’. மெல்லிய பொன்கம்பியையோ வெள்ளிக்கம்பியையோ முறுக்கி, வளைத்து, சுருட்டி, ஒரு சட்டத்துக்குள் நிரப்பிப் பற்றவைக்கும் நுண்வேலைக்கு அது பெயர். தள்ளி நின்று பார்த்தால் பின்னல் துணி போலவே இருக்கும். கையில் எடுத்தால்தான் உலோகம் என்று தெரியும். தமிழில் எழுதுவோர் இதைக் ‘கம்பி வேலைப்பாடு’ என்கிறார்கள், சிலர் ‘சரிகை வேலை’ என்கிறார்கள். கம்பி என்றதும் இன்றைய காதுக்கு முள்கம்பியும் மின்கம்பியும்தான் முதலில் கேட்கின்றன. சரிகையோ துணிக்கு உரியது. இவற்றைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் மிகப் பழங்காலந்தொட்டு இருக்கிறது. அதை எடுத்துப் புழங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அயற்சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீனில் ‘ஃபீலும்’ என்றால் நூல், ‘கிரானும்’ என்றால் தானிய மணி. இரண்டும் கூடி இத்தாலிய மொழியில் ‘ஃபிலிகிரானா’ ஆயின. அது பிரெஞ்சில் ‘ஃபிலிக்ரான்’ ஆனது. ஆங்கிலத்துக்கு 17-ஆம் நூற்றாண்டில் வந்து, வால் தேய்ந்து ‘ஃபிலிக்ரீ’ என்று நின்றது. ஆக, சொல்லின் நேர்ப்பொருள் ‘நூலும் மணியும்’. பழைய வேலைகளில் கம்பியோடு கம்பியாகக் கடுகினும் சிறிய பொன்மணிகளை வைத்துப் பற்றவைப்பது வழக்கம். அதனால்தான் பெயரில் மணி புகுந்தது. இன்று பெரும்பாலான வேலைகளில் தனி மணிகள் இல்லை. ஆனால் மணி முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. இரண்டு மெல்லிய கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, பிறகு தட்டையாக்கித்தான் உள்நிரப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். அப்படித் தட்டையாக்கிய கம்பியின் விளிம்பை உருப்பெருக்கியில் பாருங்கள். முறுக்கின் புரிகள் ஒவ்வொன்றும் ஒரு துளி மணியாகத் தெரியும். கம்பியே மணிகோத்த சரம்போல மின்னுவது இதனால்தான்.

அந்த இலத்தீன் நூல் இன்னும் பல இடங்களில் ஓடுகிறது. அலுவலகத்து ‘ஃபைல்’ அதிலிருந்து வந்தது. தாள்களை நூலில் கோத்து வைத்த பழக்கத்தால் அந்தப் பெயர். தமிழில் அதற்கு நாம் வைத்துக்கொண்ட ‘கோப்பு’ என்ற சொல்லும் கோத்தல் என்பதிலிருந்தே பிறந்தது என்பதை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. மின்விளக்கின் ‘ஃபிலமென்ட்’டும் அதே வேர்தான். அறிவியல் தமிழ் அதை ‘மின்னிழை’ என்று அழகாக ஆக்கிக்கொண்டது. இந்த ‘இழை’யைத்தான் நகைக்கும் கேட்கிறேன்.

வேறு மொழிகள் இந்த வேலையை எப்படி அழைக்கின்றன என்று பார்த்தால் எல்லாருக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருப்பது தெரியும். துருக்கியில் இதற்குப் பெயர் ‘தெல்காரி’. ‘தெல்’ என்றால் கம்பி, அதாவது கம்பி வேலை. அந்நாட்டின் மித்யாத் ஊர் இதற்குப் பேர்போனது. ஒடிசாவின் கட்டக் நகரத்து வெள்ளி வேலைக்குப் பெயர் ‘தாரகசி’. பாரசீகத்தில் ‘தார்’ என்றால் நூல், நரம்பு, கம்பி. ‘கஷீதன்’ என்றால் இழுத்தல். கம்பி இழுப்பவருக்கு ‘தார்கஷ்’ என்று பெயர். ஒடியாச் சொல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. தெலங்கானாவில் கரீம்நகரும் வெள்ளி இழைவேலைக்குப் புகழ்பெற்ற ஊர். அங்கே பேசும் தெலுங்கில் ‘தீக’ என்ற ஒரே சொல் கொடியையும் குறிக்கும், கம்பியையும் குறிக்கும். படரும் கொடியையும் வளையும் கம்பியையும் ஒன்றாகக் கண்ட கண் அது. இந்தக் கலையின் பாதி அழகு அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். ‘இழை’ என்பதற்கு அகராதியில் இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: நூல், அணிகலன். பழந்தமிழில் ஆயிழை, சேயிழை, நேரிழை என்று பெண்ணைக் குறிக்கும் சொற்கள் எல்லாம் ‘தேர்ந்த நகை அணிந்தவள்’, ‘செம்மையான நகை அணிந்தவள்’ என்ற பொருளில் அமைந்தவை. திருக்குறளின் காமத்துப்பாலில் மட்டும் அணியிழை (1102), மாணிழை (1114), ஆயிழை (1124), ஒளியிழை (1329) என்று பல விதமாக இச்சொல் வருகிறது. நூலுக்கும் நகைக்கும் ஒரே சொல் இருப்பதால், ‘நூல்போன்ற கம்பியால் ஆன நகைவேலை’ என்று நாம் விளக்க வேண்டியதே இல்லை. இழை என்றாலே அதில் நூலும் உண்டு, நகையும் உண்டு.

நகைகளின் தமிழ்ப் பெயர்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சரடு, வடம், நாண், கொடி. அத்தனையும் நூல், கயிறு, படர்கொடி என்பவற்றின் பெயர்கள். பொன்னில் வார்த்தாலும் பெயர் மட்டும் நாரையும் நூலையும் விட்டு விலகவில்லை.

அணிகலனைக் குறிக்கும் பொதுச்சொற்களை வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் புரிகிறது. ‘நகை’ என்பது முதலில் சிரிப்பு. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளில், முதலாவது அதுதான். பல்லின் ஒளியிலிருந்து பொன்னின் ஒளிக்கு வந்து சேர்ந்தது. ஆக, நகை என்ற சொல் அணிகலனை அதன் ஒளியால் அறிகிறது. ‘பூண்’ பூணுதலால் அறிகிறது, ‘அணி’ அணிதலாலும் ஒழுங்காலும் அறிகிறது. இவை மூன்றும் அணிபவரின் பக்கமும் பார்ப்பவரின் பக்கமும் நிற்கும் சொற்கள். ‘இழை’யை நான் வேறு பக்கம் நிற்கும் சொல்லாகவே வாசிக்கிறேன். இழைத்தல் என்றால் செய்தல், நுணுக்கமாக உருவாக்குதல், தேய்த்து நேர்த்தியாக்குதல். மரத்தைச் சீவும் கருவி இழைப்புளி. சந்தனத்தைக் கல்லில் இழைக்கிறோம். ஒருவர் ராகத்தை ‘இழைத்து இழைத்துப் பாடினார்’ என்றால் அவசரமில்லாமல், ஒவ்வொரு நெளிவையும் தொட்டுப் பாடினார் என்று பொருள். அந்த வினைக்குப் பக்கத்தில் நிற்கும் இழை, அணிகலனைச் செய்தவர் கையின் வழியாகப் பார்க்கும் சொல்லாக எனக்குப் படுகிறது. பட்டறையிலிருந்து வந்த சொல். ஃபிலிக்ரீக்கு அது பொருந்தக் காரணமும் அதுதான், ஏனென்றால் இந்த வேலையில் வடிவத்தைத் தீர்மானிப்பதே கையும் கம்பியும்தான்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வடிவமைப்பாளருக்கு எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பூ, இறகு, அலை, மாடத்துச் சாளரம் என்று எதையும் சொல்லலாம். ஆனால் இழைவேலையில் அந்த எண்ணம் கம்பியின் சம்மதம் பெற்றாக வேண்டும். தாளில் வரையும்போதே நிழல், வண்ணம், பரப்பு எல்லாவற்றையும் துறந்துவிட வேண்டும். இருப்பது கோடு மட்டும். அந்தக் கோடும் காற்றில் முடிய முடியாது. ஒவ்வொரு கோடும் இன்னொரு கோட்டைத் தொட வேண்டும், தொடும் இடத்தில்தான் பற்றவைக்க முடியும். தொடாத கோடு நிற்காது. மயிலிறகும் கொடிச்சுருளும் உலகெங்கும் இழைவேலையில் திரும்பத் திரும்ப வருவதற்கு வெறும் மரபுப் பற்று காரணமில்லை. சுருள் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் வடிவம். வளைத்த கம்பி மறுபடி விரியப் பார்க்கும், அந்த விரியும் விசையாலேயே சட்டத்தின் சுவரையும் பக்கத்துச் சுருளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பற்றவைக்கும் முன்பே ஓரளவு அசையாமல் நிற்கும். நல்ல வடிவமைப்பாளர் இந்த விசையை எதிர்த்து வரைவதில்லை.

கம்பி பிறப்பதே பொறுமையான வேலை. பொன்னையோ வெள்ளியையோ உருக்கி, கோலாக வார்த்து, கம்பியச்சின் துளைகளில் பெரியதிலிருந்து சிறியதாக ஒவ்வொன்றாக விட்டு இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கக் கம்பி முறுகிக் கடினமாகும். இடையிடையே காய்ச்சி ஆற்றினால்தான் மீண்டும் இளகும். இல்லையென்றால் அறுந்துபோகும். உள்நிரப்புக் கம்பி கால் மில்லிமீட்டர் அளவுக்கு மெலிவதுண்டு. ஒரே ஒரு கிராம் பொன்னை 2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இழையாக இழுக்கலாம் என்பதை அறிந்தால், இந்த உலோகத்தை நூலாகப் பார்த்த பழைய மனங்களின் வியப்பு விளங்கும். மெசபொத்தேமியாவின் ‘ஊர்’ நகரத்து அரச கல்லறைகளில், ஏறத்தாழ கி.மு. 2500-ஐச் சேர்ந்த நகைகளிலேயே கம்பி வேலை இருக்கிறது.

தடித்த கம்பியால் சட்டம், அதற்குள் மெல்லிய கம்பியின் சுருள்கள், எல்லாம் பொருந்தியபின், பற்றுப் பிடிக்க உதவும் உப்பான வெங்காரமும், உருகி இணைப்பை ஒட்டும் உலோகக் கலவையான பற்றாசும் தூவி நெருப்பு. இந்த இடத்தில்தான் கைவினைஞரின் நெஞ்சு படபடக்கும். வெள்ளி உருகும் வெப்பம் 961.8 பாகை செல்சியஸ். பற்றாசு அதற்குச் சற்றுக் கீழே உருகும்படி கலக்கப்பட்டது. இடைவெளி குறுகியது. மெல்லிய சுருள் சட்டத்தைவிட விரைவில் சூடேறிவிடும். ஊதுகுழலின் சுடரைச் சுருளின்மேல் ஒரு நொடி அதிகம் நிறுத்தினால் நாள்முழுதும் செய்தது ஒரு சொட்டாகச் சுருண்டுவிடும். ஆகவே சுடர் சட்டத்தைச் சுற்றியே போகும், பற்றாசு நீர்போல ஓடிப் பளிச்சிட்ட நொடியில் விலகும். முடிந்தபின் அமிலத்தில் இட்டுக் கழுவுவார்கள். கலப்பிலிருந்த செம்பு மேற்பரப்பிலிருந்து கரைந்துபோய்த் தூய வெள்ளி மேலே வரும். பாலின் வெண்மை அது. உள்ளே சுருள்களைத் தேய்த்து மெருகேற்ற இயலாது, சட்டத்தை மட்டும் மெருகிடுவார்கள். மங்கலான உட்புறமும் ஒளிரும் விளிம்பும் சேர்ந்த அந்த இரட்டை நிறம், தேர்ந்து செய்த அழகு பாதி, வேறு வழியில்லாமல் வந்த அழகு பாதி. எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பாதிதான்.

இழைகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடமும் வடிவமைப்பின் ஒரு பகுதி. பின்தகடு இல்லாத திறந்த வேலையில் அணிபவரின் தோலும் துணியும் அந்த இடைவெளிகளில் தெரியும். ‘மணியில் திகழ்தரு நூல்போல்’ என்று குறள் (1273) சொல்வது மணிக்குள் தெரியும் நூலை. இங்கே நூலே வெளியில் வந்து, மணியின் இடத்தைத் தான் எடுத்துக்கொள்கிறது.

பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: தாளில் உள்ள நீர்க்குறி. கம்பியை உருவமாக வளைத்துத் தாள் வார்க்கும் வலைச்சட்டத்தில் தைத்துவிட்டால், அந்த இடத்தில் தாள் மெலிந்து, ஒளியில் பிடிக்கும்போது உருவம் தெரியும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தொடங்கிய முறை அது. அதிலிருந்தே, வெளிப்படையாகச் சொல்லாமல் உள்ளோட்டமாக இருப்பதையும் பிரெஞ்சுக்காரர்கள் அந்தச் சொல்லாலேயே குறிக்கிறார்கள். தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? ‘குரலில் வருத்தம் இழையோடியது’ என்கிறோம். இரு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே உருவகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

புழக்கத்தில் ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. ‘கல் இழைத்த மோதிரம்’ என்றால் கல் பதித்த மோதிரம். ஆகவே ‘இழைப்பு வேலை’ என்று எழுதினால் கல் பதிக்கும் வேலை என்று படிப்பவர்கள் கொள்ளக்கூடும். ஃபிலிக்ரீயை ‘இழைவேலை’ என்றே, வினையாக்காமல், பெயரோடு பெயர் சேர்த்து எழுத வேண்டும். வெள்ளி இழைவேலைத் தோடு, பொன் இழைவேலைப் பதக்கம், திறந்த இழைவேலை, பின்தகட்டு இழைவேலை. செய்பவர் இழைவேலைக் கைவினைஞர். கம்பியோடு பொன்மணிகளும் வைத்த பழைய பாணியைத் தனியே குறிக்க வேண்டுமானால் ‘மணியிழை’ என்று சொல்லத் தோன்றும். நெல்லுக்கும் மணி, கல்லுக்கும் மணி என்பதால் இலத்தீனின் இரண்டு பாதியும் அதில் அப்படியே வந்துவிடும். ஆனால் பழந்தமிழ் படித்தவர் அதை ‘மணி பதித்த அணி’ என்று கொள்வார். அந்தப் பாணிக்கு ‘மணிகோத்த இழைவேலை’ என்று சற்று நீட்டி எழுதிவிடுவது நல்லது.