எண்ணெய் தூக்கும், இரும்புதான் தாங்கும்

முன்பெல்லாம் பெட்ரோல் பங்கில் வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் ஒரு காட்சி பார்க்கலாம். அம்பாசிடர் காரை இரண்டு இரும்புப் பட்டைகளின் மேல் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒருவர் வால்வைத் திறப்பார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பளபளவென்று எண்ணெய் பூசிய தூண் ஒன்று தரைக்குள்ளிருந்து கிளம்பி, காரை ஆள் உயரத்துக்குத் தூக்கிவிடும். எது தூக்குகிறது என்று அப்பாவிடம் கேட்டேன். "காத்துடா" என்றார்.

பாதி சரி. காற்று எண்ணெயை அழுத்துகிறது, எண்ணெய் தூணைத் தள்ளுகிறது. தூணின் குறுக்களவு 25 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் அடிப்பரப்பு ஏறக்குறைய 490 சதுர செ.மீ. கம்ப்ரஸர் காற்று ஒவ்வொரு சதுர செ.மீட்டரையும் 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளினாலே மொத்தம் 2,900 கிலோவைத் தாண்டிவிடும். கார், பட்டைகள், தூண் எல்லாவற்றையும் தூக்க அது போதும்.

அந்தத் தூணை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் ஆயில் மாற்ற, பிரேக் பேட் பார்க்க, சைலன்சரில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேட, காரை வீட்டிலேயே தூக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எத்தனை டன் தூக்கும் ஜாக்கி வாங்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: தூக்கி முடித்த பிறகு எடை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது?

காரோடு டிக்கியில் வரும் ஜாக்கியிலிருந்து தொடங்கலாம். சாய்சதுர வடிவில் நான்கு கைகள், நடுவில் குறுக்காக ஒரு நீளத் திருகு. சின்னக் கார் ஒன்று 900 கிலோ இருந்தால், இன்ஜின் முன்னால் இருப்பதால் ஒரு முன்சக்கரத்தின் பக்கம் 300 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 300 என்றே வைத்துக்கொள்வோம். ஜாக்கி தாழ்ந்து படுத்திருக்கும்போது அதன் கைகள் தரையோடு 15 டிகிரி கோணத்தில்தான் இருக்கும். அப்போது அந்த 300 கிலோவைத் தூக்க, திருகு 1,100 கிலோவுக்கு மேல் இழுக்கவேண்டும். கைகள் 45 டிகிரிக்கு வந்ததும் அதே வேலைக்கு 300 கிலோ இழுப்பு போதும். ஆரம்பத்தில் கம்பியைச் சுற்ற மூச்சு வாங்குவதும், போகப்போக லேசாவதும் இதனால்தான்.

திருகை விட்டால் ஏன் கார் இறங்குவதில்லை? மரையின் சரிவு மிகவும் குறைவு. அந்தச் சரிவில் நட்டு வழுக்கி இறங்குவதற்கு முன் உராய்வு பிடித்துக்கொள்கிறது. இப்படித் தானாகப் பிடித்துக்கொள்ளும் திருகில் நாம் போடும் உழைப்பில் பாதிக்கு மேல் உராய்விலேயே போய்விடும். போகட்டும், அந்த நஷ்டம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஆனால் இந்த ஜாக்கியின் அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான். உயர உயரப் பக்கவாட்டில் ஆடும். ஸ்டெப்னி மாற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கி. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டது. அவருடைய நூல் அவர் இறந்த மறு ஆண்டு, 1663-ல் வெளிவந்தது. அதை வேலை செய்யும் இயந்திரமாக்க 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-ல் ஹைட்ராலிக் அழுத்திக்குக் (பிரஸ்) காப்புரிமை வாங்கினார். தத்துவம் தெரிந்திருந்தும் இத்தனை காலம் இழுத்ததற்கு ஒரு காரணம் கசிவு. பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாக அடைத்தால் அது நகராது, தளர்த்தினால் ஒழுகும். கிண்ணம் போல் வளைத்த தோல் வளையம் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. அழுத்தம் ஏற ஏற அதன் விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிராமாவின் பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லியின் பெயரை இதற்குச் சொல்வார்கள். சைக்கிள் பம்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உள்ளே இருக்கும் தோல் வாஷர் அதே குடும்பம்தான். காய்ந்து போனால் தேங்காய் எண்ணெய் தடவி, விளிம்பை விரித்துவிட்டு மறுபடி மாட்டுவோமே, அந்த விளிம்புதான் விஷயம்.

பாட்டில் போல் நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஜாக்கிக்குள் ஒரு சின்னப் பிஸ்டனும் ஒரு பெரிய பிஸ்டனும் இருக்கின்றன. சின்னது 12 மி.மீ., பெரியது 36 மி.மீ. குறுக்களவு என்று வைத்துக்கொண்டால், குறுக்களவில் 3 மடங்கு, பரப்பில் 9 மடங்கு. கைப்பிடி நெம்புகோலாக இன்னொரு 15 மடங்கு தந்தால் மொத்தம் 135. உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், ஏழரைக் கிலோ அழுத்தத்தில் 1,000 கிலோ எழும்பும். இலவசமாக எதுவும் கிடைக்காது: சின்னப் பிஸ்டன் 27 மி.மீ. இறங்கினால் பெரியது 3 மி.மீ. தான் ஏறும். அதனால்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறோம். ஒவ்வொரு அடிக்கும் எண்ணெய் உள்ளே வர ஒரு வால்வு, வந்தது திரும்பிப் போகாமல் தடுக்க இன்னொரு வால்வு. இரண்டிலும் இருப்பது ஒரு சின்ன எஃகுக் குண்டு, அது உட்காரும் ஒரு பள்ளம், அவ்வளவுதான்.

அந்தக் குண்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். என்னிடம் இருந்த பழைய பாட்டில் ஜாக்கி ஒன்று தூக்கியது, ஆனால் நிற்கவில்லை. சந்தேகம் வந்து, காரை ஏற்றிவைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்கேலை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் 3 மி.மீ. இறங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. 36 மி.மீ. பிஸ்டன் 3 மி.மீ. இறங்க எவ்வளவு எண்ணெய் திரும்பப் போகவேண்டும் தெரியுமா? 3 மில்லி. ஒரு டீஸ்பூன்கூட இல்லை. ஜாக்கியைப் பிரித்தபோது வால்வுக் குண்டு உட்காரும் இடத்தில் மணல் போல் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. குண்டூசித் தலையைவிடச் சிறியது. அன்று காரின் எடைக்கும் எனக்கும் நடுவே இருந்தது அந்தத் துணுக்கும் ஒரு ரப்பர் சீலும்தான் என்று நினைத்தபோது வயிற்றைக் கலக்கியது. சக்கரத்தில் உருட்டிப் போகும், நீளமான கையால் தூக்கும் டிராலி ஜாக்கியில் இது இன்னும் கூடுதல். அங்கே பிஸ்டன் கொஞ்சம் நகர்ந்தாலே அந்தக் கை அதைப் பல மடங்காக்கிவிடும்.

அதனால் ஜாக்கி மட்டும் நிற்கும் காருக்கு அடியில் கையோ தலையோ போகக்கூடாது. ஒரு நிமிட வேலைக்குக்கூட. ஜாக்கி தூக்கட்டும், காரைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டை அடியில் வைத்து, ஜாக்கியை இறக்கி, எடை இரும்பின் மேல் உட்கார்ந்த பிறகுதான் கீழே போகவேண்டும்.

ஸ்டாண்டிலும் பார்க்கவேண்டியது உண்டு. பல் வைத்து, கொக்கி கவ்வுகிற மாதிரி ஒன்று. துளைக்குள் தடித்த ஊசி செருகுகிற மாதிரி இன்னொன்று. 2020-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவி விற்பனை நிறுவனம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தயாரிப்பு அச்சுகள் பழையதானதால் பல்லும் கொக்கியும் சரியாகக் கவ்வவில்லை என்பதே காரணம். ஊசி வகையில் உயரத்தை மெதுவாக, படிப்படியாகத்தான் மாற்ற முடியும். ஆனால் ஊசி உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

இப்போது தரை. நம் வீட்டுப் போர்டிகோவில் பெரும்பாலும் டைல்ஸ். காரின் டயர் தரையை அழுத்துவது சதுர செ.மீட்டருக்கு இரண்டு கிலோ சொச்சம், அதாவது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு. ஆங்கிள் (L வடிவ இரும்பு) கால் வைத்த ஸ்டாண்டு தரையைத் தொடுவது விளிம்புகளில்தான். நான்கு காலும் சேர்த்து 10 சதுர செ.மீ. என்றாலும், 300 கிலோ ஏறும்போது சதுர செ.மீட்டருக்கு 30 கிலோ. டயரைவிடப் பத்து மடங்குக்கு மேல். அடியில் கலவை முழுதாகப் பிடிக்காத டைல் அதைத் தாங்காது. நாணயத்தால் தட்டிப் பாருங்கள், 'டொக் டொக்' என்று வெற்றாகக் கேட்கும் டைல் மேல் எதையும் வைக்காதீர்கள். மற்ற இடங்களில் 18 மி.மீ. பிளைவுட்டை ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டிப் போட்டால் சுமை 900 சதுர செ.மீட்டரில் பரவும்.

மழைத் தண்ணீர் ஓடுவதற்காகப் போர்டிகோ கேட்டை நோக்கிச் சரிந்திருக்கும். ஐம்பது அடிக்கு ஓர் அடிச் சரிவு என்றாலும் 900 கிலோ கார் 18 கிலோ பலத்தோடு கீழே போகப் பார்க்கும். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதே என்றால், அது பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது வீண். சரி, கியரில் போடலாம் என்றால், முன்சக்கரத்தில் ஓடும் காரில் கியர் முன்சக்கரங்களைத்தான் பிடிக்கும். அதிலும் ஒரு நுணுக்கம்: ஒரே ஒரு முன்சக்கரத்தைத் தூக்கினால், டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) வழியாக அந்தரத்தில் இருக்கும் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றிக்கொள்ளும், தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். கியர் போட்டும் போடாத மாதிரிதான். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், வேறு வழி கிடையாது.

டிராலி ஜாக்கிக்கு ஏன் சக்கரம் என்று யோசித்திருக்கிறீர்களா? இழுத்துப் போக மட்டுமல்ல. அதன் கை வட்டத்தில் எழும்புகிறது, எனவே தலைப்பகுதி மேலே போகும்போதே பின்னாலும் வரும். கார் நகராது, ஜாக்கிதான் உருண்டு காருக்கு அடியில் போகவேண்டும். சக்கரம் ஒரு கல்லில் சிக்கினாலோ, மண்ணில் புதைந்தாலோ, காரைப் பக்கவாட்டில் இழுக்க ஆரம்பிக்கும். பேவர் கல் இடுக்கில் சிக்கியும் இது நடக்கும்.

இதையெல்லாம் தாண்டி, நான்கு சக்கரத்தையும் ஒரேயடியாகத் தூக்கும் லிஃப்ட் வேண்டும் என்பவர்களுக்கு மூன்று வகை இருக்கிறது. க்விக்ஜாக் போன்றவை இரண்டு நீளச் சட்டங்கள். காரின் இரு பக்கமும் அடியில் தள்ளி, குழாய்களைப் பம்போடு இணைத்தால் ஏறக்குறைய அரை மீட்டர் தூக்கும். மல்லாந்து படுத்து பானாவைச் சுழற்ற அந்த உயரம் தாராளம். ஆனால் இதுவும் வட்டத்தில்தான் எழும்புகிறது. இங்கே சட்டம் தரையில் நிற்க, கார் நகரும். முன்னும் பின்னும் இடம் விடவேண்டும். முன் ஜாக்கி இடத்துக்கும் பின் ஜாக்கி இடத்துக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளக்காமல் வாங்காதீர்கள். ஆல்டோவும் இன்னோவாவும் ஒரே சட்டத்தில் பொருந்திவிடும் என்று சொல்லமுடியாது. தூக்கிய பிறகு இரும்புப் பூட்டில் மாட்டி, எண்ணெய் அழுத்தத்தை இறக்கிவிடும் வசதி இருக்கவேண்டும். அது இல்லாத லிஃப்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவேண்டாம்.

கத்தரி போல் விரியும் மேடை வகை பிரேக், டயர் வேலைக்கு நல்லது. நடுவில் அதுவே அடைத்துக்கொள்வதால் சைலன்சர், கியர்பாக்ஸ் பக்கம் போகமுடியாது. கழற்றி வைக்கக்கூடிய இரட்டைத் தூண் வகையில் கார் தூணிலிருந்து தள்ளித் தொங்குகிறது. தூண் காரின் பக்கம் சாயப் பார்க்கும், பின்பக்கத்து போல்ட்டுகள் தரையைப் பிய்த்துக்கொண்டு வரப் பார்க்கும். குறைந்தது நான்கு அங்குலத் தரமான கான்கிரீட் வேண்டும். டைல்ஸ் போர்டிகோவுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

லிஃப்டுக்குப் பதில், ஆள் இறங்கி நின்று வேலை செய்யக் காருக்கு அடியில் குழி வெட்டிவிடலாமே என்பார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது குழிக்குள்தான் போய்த் தங்கும்.

நான் கடைசியில் வாங்கியது இரண்டரை டன் டிராலி ஜாக்கி ஒன்று, ஊசி வகை ஸ்டாண்டு நான்கு. பிளைவுட் துண்டுகளைத் தெருமுனைத் தச்சுப் பட்டறையில் வெட்டி வாங்கினேன். ஸ்டாண்டில் உட்காரவைத்த பிறகு, கீழே படுப்பதற்கு முன், காரின் ஓரத்தில் இடுப்பை வைத்து இரண்டு தரம் நன்றாக ஆட்டிப் பார்ப்பேன். விழுவதாக இருந்தால் நான் வெளியே நிற்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தையும் படுக்கவைத்து, கதவுக்கு நேர் கீழே தள்ளிவைத்துவிடுவேன்.