நீரூறிய மரத்தைக் காயவிடுமுன் எடைபோடுங்கள்

அகழாய்வில் வெளிவரும் நீரூறிய மரத்துண்டு, உளித்தடம்கூட அழியாமல் நேற்று செதுக்கியதைப் போலத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி நிழலில் உலர்த்தப்பட்ட துண்டுகள் சில நாள்களிலேயே சுருங்கி, முறுக்கி, வெடித்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். நுண்ணுயிர்கள் செல்லுலோஸின் பெரும்பகுதியைத் தின்ற பிறகும், எஞ்சிய லிக்னின் (மரத்துக்கு விறைப்பைத் தரும் பொருள்) கூட்டை நீர் தாங்கி நிற்பதால்தான் வடிவம் குலைவதில்லை. உள்ளே மரம் எவ்வளவு மிச்சம் என்பதை அடர்த்திதான் சொல்லும்.

முற்றிலும் உலர்ந்த நிறையை, நீரூறிய நிலையிலுள்ள கனஅளவால் வகுத்தால் கிடைப்பதே இந்த அடர்த்தி. வழக்கமான முறையில் சிறு மாதிரியை வெட்டி, 103 டிகிரி செல்சியஸில் நிறை மாறாத நிலை வரும்வரை உலர்த்துவார்கள். மாதிரி அத்துடன் பாழ். வெட்டக் கூடாத பொருளை ஈரத்தோடு ஒருமுறையும், நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு மறுமுறையும் எடைபோடலாம். மரச் செல்சுவரின் அடர்த்தி எந்த மரத்திலும் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.5 கிராம் என்பதால், நீருக்குள் அது தன் நிறையில் மூன்றில் ஒரு பங்கையே காட்டும். மரத்துக்குள் ஊறிய நீர் நீருக்குள் எடை காட்டாது. எனவே வெளியே 210 கிராமும் நீருக்குள் 10 கிராமும் காட்டும் துண்டின் கனஅளவு, இரண்டின் வேறுபாடான 200 கன சென்டிமீட்டர்; நீருக்குள் காட்டியதை மூன்றால் பெருக்கினால் உலர்நிறை 30 கிராம்; அடர்த்தி 0.15. பழுதில்லாத ஓக் மரத்துக்கு இது 0.55 அளவில் இருக்கும்.

ஆனால் மூன்றால் பெருக்கும்போது பிழையும் மூன்று மடங்காகிறது. அதே துண்டுக்குள் 2 கன சென்டிமீட்டர் காற்று சிக்கியிருந்தால் உலர்நிறை 24 கிராம் என்றே வரும். விரிசலில் ஒட்டிய மணலும் இரும்புச் சேர்மங்களும் இதற்கு நேர்மாறாக, அழுகிய மரத்தையும் திடமானதாகக் காட்டிவிடும். ஆகவே, துண்டை முதலில் மென்தூரிகையால் கழுவி, நீருக்குள் வைத்தபடியே வெற்றிடத்தில் காற்றை நீக்கிய பிறகே தராசை நெருங்குவேன். இரும்பு ஏறிய மரத்தில் இந்தக் குறுக்குவழியை நான் நம்புவதில்லை.

தடித்த விட்டங்களில் வெளிப்பகுதி பஞ்சாகவும் நடுவயிரம் உறுதியாகவும் இருப்பது வழக்கம். காயும்போது சுருங்காதிருக்க, நீருக்குப் பதிலாக மரத்துக்குள் ஏற்றும் பொருள் பாலி எத்திலீன் கிளைக்கால். அதில் சிறு மூலக்கூறு கொண்ட வகை வயிரத்துக்குள் ஊடுருவும். சிதைந்த வெளிப்பகுதியைத் தாங்கவோ பெருமூலக்கூறு வகை வேண்டும். 1962-இல் ஜெர்மனியின் வேசர் ஆற்றில் கண்டெடுக்கப்பட்ட இடைக்காலத்துப் பிரேமன் கப்பலுக்கு இவ்விரண்டையும் அடுத்தடுத்து ஏற்றியது இதனால்தான். முழு விட்டத்துக்கும் ஒரே சராசரி எண்ணைத் தரும் அளவீட்டு அறிக்கையை நான் திருப்பி அனுப்பி, வெளிப்பகுதிக்கும் வயிரத்துக்கும் தனித்தனியே அளந்து தரும்படி கேட்பேன்.