அரைப்பதா, துருவுவதா? ஸ்டம்ப் கிரைண்டர் என்ற சொல்

மரத்தை வெட்டிய பிறகு தரையோடு நிற்கிற அடியை, பல் வைத்த சக்கரத்தால் சிராய் சிராயாகப் பெயர்த்து எடுக்கும் கருவிக்கு ஆங்கிலத்தில் ஸ்டம்ப் கிரைண்டர் என்று பெயர். மினி டிராக்டரின் பின்னால் மாட்டி, எண்ணெய் அழுத்தத்தில் ஓட்டினால் அது ஹைட்ராலிக் ஸ்டம்ப் கிரைண்டர். நம் ஊரில் இந்த வேலைக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜேசிபிதான். ஆனால் ஜேசிபி உள்ளே நுழையாத தோப்புகள் உண்டு. நுழைந்தாலும் ஒரு கட்டையைப் பிடுங்க ஒரு பள்ளமே தோண்டி, பக்கத்து மரத்தின் வேரையும் சொட்டுநீர்க் குழாயையும் சேர்த்து இழுத்துவிடும். அதனால் குட்டி டிராக்டர் வைத்திருப்பவர்கள் இந்தக் கருவியைத் தாங்களே பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ள நினைப்பது நியாயம்தான். அப்படி நினைப்பவர்களுக்கு இந்தப் பெயரே இரண்டு இடத்தில் தவறான வழியைக் காட்டுகிறது. அதற்காகத்தான் இந்த விளக்கம்.

ஸ்டம்ப் என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். அந்த மூன்று குச்சிக்கும் மரத்தின் அடிக்கும் ஒரே சொல். ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த இதற்கு வெட்டுப்பட்டு மிஞ்சியது, மொட்டையாய் நிற்பது என்று பொருள். ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல்லான ஸ்டும்ஃப் இன்றும் மழுங்கியது என்ற பொருளில் வழங்குகிறது.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. எழுத்துத் தமிழில் அடிக்கட்டை. பழைய சொல் குற்றி. மலையாளத்தில் இன்றும் அதுவே வழக்கு. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வள்ளியூர், ராதாபுரம் தாண்டித் தெற்கே போகப்போக மரத்தின் அடி ‘மூடு’ ஆகிவிடும். நாகர்கோவிலின் வேப்பமூடு சந்திப்பு அந்தச் சொல்லைத்தான் இன்னும் சுமந்து நிற்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் ‘தூர்’ என்பார்கள். நெல் ‘தூர் கட்டுது’ என்று சொல்வதும், மரத்தைத் ‘தூரோட பறி’ என்று சொல்வதும் ஒரே தூர்தான். வேரும் தண்டும் சேர்கிற இடம், அதன் கொத்து. எனக்கு இது மிகவும் பிடித்த சொல். தரைக்கு மேலே தெரிகிற கட்டையை மட்டும் சொல்லாமல் கீழே மறைந்திருக்கும் பகுதியையும் சேர்த்துச் சொல்கிறது. கருவி எடுக்க வேண்டியதும் அந்தப் பகுதியைத்தான்.

சீமைக்கருவேலத்தை வைத்துப் பார்த்தால் இது புரியும். மானூர், கங்கைகொண்டான், நாங்குநேரிப் பக்கம் தரிசில் நிற்கிற இந்த மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நம்முடைய உடைமரம் வேறு, இது வேறு. இதைத் தரைமட்டத்தில் வெட்டினால் சாகாது. தூரில் உறங்கும் மொட்டுகள் கிளம்பி, ஒன்று நின்ற இடத்தில் ஏழெட்டுக் கிளையாகப் புதர் கட்டும். தரைக்குக் கீழே ஒரு முழம் வரையாவது தூரை எடுத்தால்தான் அடங்கும். தென்னையின் கதை வேறு. அதற்கு ஆணிவேர் கிடையாது. விரல் பருமனில் ஆயிரக்கணக்கான வேர்கள் ஒரு பந்தாகத் தூரைப் பிடித்திருக்கும். மறுபடி துளிர்க்காது, ஆனால் மக்கும் கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். தஞ்சாவூர் வாடல் வந்து செத்த தென்னையானால், தூரில் தங்கிய பூசணம் அடுத்த மரத்துக்கும் போகும். அந்தத் தூரைத் துருவி அங்கேயே தூளைப் பரப்பிவிடக் கூடாது. வேரோடு தோண்டி அப்புறப்படுத்துவதே சரி. பனையைப் பற்றி ஒரு வார்த்தை: 2021ஆம் ஆண்டு தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. ஆகவே உயிருள்ள பனை இந்தக் கட்டுரைக்கு வெளியே நிற்கட்டும்.

அடுத்தது கிரைண்டர். முதல் குழப்பம் இங்கேதான். அரைப்பது என்றால் இரண்டு பரப்புகளுக்கு நடுவே வைத்து நசுக்குவது. ஆட்டுக்கல்லும் குழவியும் அதைச் செய்கின்றன, மாவு கிரைண்டரும் அதைச் செய்கிறது. ஸ்டம்ப் கிரைண்டரில் அப்படி எதுவும் நடப்பதில்லை. கனத்த இரும்புச் சக்கரம் ஒன்று. அதன் ஓரத்தில் டங்ஸ்டன் கார்பைடு நுனி வைத்த பற்கள், சில நேராக, சில இடப்பக்கம், சில வலப்பக்கம் சாய்ந்து போல்ட்டில் மாட்டியிருக்கும். சக்கரம் சுற்றிக்கொண்டே கட்டையின் மேல் இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக வீசிப் போகும்போது, ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் கொஞ்சமாக மரத்தைச் சுரண்டி எறியும். சுழலும் தேங்காய்த் துருவியில் மூடியைப் பிடித்தால் என்ன நடக்குமோ அதேதான், மூடி அசையாமல் துருவி அசைகிறது என்பது மட்டும் வித்தியாசம். 1950களில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்த வெர்மியர் நிறுவனம் இதை வெட்டி என்ற பொருளில் ஸ்டம்ப் கட்டர் என்றுதான் அழைத்தது. கிரைண்டர் என்ற பெயர் வழக்கில் நிலைத்துவிட்டது.

‘அரைப்பது’ என்று மனதில் பதிந்துவிட்டால் கை அதையே செய்யும். ஓட்டுபவர் சக்கரத்தைக் கட்டையின் நடுவில் இறக்கி அமுக்குவார். பல் மரத்துக்குள் புதைந்து சக்கரம் நின்றுவிடும், எண்ணெய் சூடாகும், பி.டி.ஓ. தண்டில் (எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் தண்டு) பாதுகாப்பு ஆணி இருந்தால் முறியும், இல்லாவிட்டால் அதைவிட விலை கூடிய ஏதாவது முறியும். துருவுகிறோம் என்ற நினைப்போடு செய்தால் வேலையே மாறும். கட்டையின் ஓரத்திலிருந்து தொடங்கி, சக்கரத்தை ஓர் அங்குலம் அளவு மட்டும் இறக்கி, பக்கவாட்டில் மெதுவாக வீசி, அந்த அடுக்கு முடிந்ததும் இன்னும் ஓர் அங்குலம் இறக்க வேண்டும். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வீச வேண்டும். சக்கரத்தின் வேகம் குறைகிற சத்தம் கேட்டால் வீச்சை நிறுத்தி, அது மறுபடி வேகம் பிடிக்க விட வேண்டும். சக்கரத்தின் கனம் வெறும் சுமை அல்ல. சுற்றுகிற கனம்தான் ஒவ்வொரு பல்லடிக்கும் பலத்தைச் சேமித்துக் கொடுக்கிறது. தென்னைத் தூரில் நார் பல்லைச் சுற்றிக்கொள்ளும். அடிக்கடி நிறுத்தி அறுத்துவிட வேண்டியிருக்கும். சரள் மண்ணில் கட்டையைச் சுற்றிக் கடப்பாரையால் கல்லைக் கிளறி எடுக்காமல் ஆரம்பிக்கவே கூடாது. கார்பைடு கடினமானது, ஆனால் கல்லில் பட்டால் தெறித்துவிடும். சக்கரத்துக்குப் பின்னால் சங்கிலித் திரையோ பழைய கன்வேயர் பெல்ட் துண்டோ தொங்கவிடுவதும், ஆட்களை நல்ல தூரம் தள்ளி நிறுத்துவதும் அதனால்தான்.

இனி ஹைட்ராலிக். இரண்டாவது குழப்பம் இது. கிரேக்கத்தில் ஹைடோர் என்றால் நீர், ஔலோஸ் என்றால் குழல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் தெசிபியஸ் செய்த நீர் இசைக்கருவிக்கு ஹைட்ராலிஸ் என்று பெயர்; சொல் அங்கிருந்து லத்தீன் வழியாக வந்தது. 1795இல் ஜோசப் பிராமா இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற அழுத்தியிலும் தண்ணீர்தான் வேலை செய்தது. 20ஆம் நூற்றாண்டில் எண்ணெய் அந்த இடத்தைப் பிடித்தது. ஆகவே பாடநூல்களில் வரும் ‘நீரியல்’ என்ற சொல் இங்கே பொருந்தாது. அது ஆறு, குளத்து நீரைப் பற்றிய படிப்புக்கும் பெயராக இருக்கிறது. திரவம் எதுவானாலும் பொருந்தும்படி நீர்மவிசை என்பது நல்ல சொல்.

நம் ஊரில் டிராக்டர்காரர்களிடம் ஹைட்ராலிக் என்றால் ஒரே பொருள்தான்: பின்னால் கலப்பையைத் தூக்குகிற லிப்ட். ‘வண்டியிலதான் ஹைட்ராலிக் இருக்குல்லா, அதுலயே சக்கரத்தைச் சுத்த வைக்கலாமே’ என்று கேட்பது இதனால்தான். திருநெல்வேலி பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் இதே கேள்வியைக் கேட்டதற்கு அவர் வேலையை நிறுத்தாமலேயே பதில் சொன்னார்: “அண்ணாச்சி, டிப்பர் தூக்குற பைப்புல வீல் சுத்தும். கட்டையைத் தொட்டதும் நின்னுரும்.”

அவர் சொன்னதைக் கணக்காகப் போடலாம். அழுத்தத்தை ‘பார்’ என்ற அலகிலும் ஓட்டத்தை நிமிடத்துக்கு லிட்டரிலும் எடுத்துப் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். மினி டிராக்டரின் சொந்தப் பம்பு நிமிடத்துக்கு 20 லிட்டர் அளவில், 150 பாரில் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 கிலோவாட், அதாவது ஏழு குதிரைத்திறன்கூட இல்லை. கலப்பையைத் தூக்க அது தாராளம். கருவேலக் கட்டையைத் துருவ அது போதாது.

சக்கரத்தை எண்ணெயால்தான் சுற்ற வேண்டும் என்றால் தனிப் பம்பு வேண்டும். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும். அதை மூன்று மடங்காக்கும் கியர் பெட்டி வைத்து 1,600 சுற்றில், ஒரு சுற்றுக்கு 40 சி.சி. எண்ணெய் தள்ளும் பம்பை ஓட்டினால் நிமிடத்துக்கு 64 லிட்டர் கிடைக்கும். 150 பாரில் அது 16 கிலோவாட், சுமார் 21 குதிரைத்திறன். 80 சி.சி. மோட்டாரை மாட்டினால் சக்கரம் 800 சுற்றில் ஓடும்; 40 செ.மீ. விட்டமுள்ள சக்கரமானால் பல் நுனியில் சுமார் 97 கிலோ விசை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பம்பிலும் மோட்டாரிலும் குழாயிலும் வீணாவது எல்லாம் சூடு. நூறு லிட்டருக்கு மேல் எண்ணெய்த் தொட்டி, குளிர்விக்க ரேடியேட்டர், விசிறி என்று சேர்ந்துகொண்டே போகும். அந்தக் கனம் முழுவதும் குட்டி டிராக்டரின் பின்பக்கம் ஏறினால் முன்சக்கரம் தரையில் நிற்காது. முன்னால் எடை கட்ட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஓடுகிற கனத்த சக்கரத்துக்கு வால்வைச் சட்டென்று மூடினால் சக்கரம் நிற்காது. மோட்டாரே பம்பாக மாறி ஒரு பக்கம் அழுத்தத்தை ஏற்றும், மறுபக்கம் எண்ணெயில்லாமல் உறிஞ்சும். ஓஸ் வெடிப்பதும் மோட்டார் சீல் போவதும் அப்போதுதான். மூடினாலும் மோட்டாரின் இரு வாயிலையும் இணைத்து எண்ணெயைச் சுற்றவிடும் வகை வால்வைக் கேட்டு வாங்க வேண்டும். பட்டறையில் இருக்கிற பழைய ஜேசிபி வால்வு இதற்கு ஆகும் என்று நம்பிவிட வேண்டாம்.

என் முடிவு: 30 குதிரைத்திறனுக்குக் கீழுள்ள டிராக்டருக்குச் சக்கரத்தை பி.டி.ஓ. தண்டிலிருந்து பெல்ட் அல்லது கியர் வழியாக நேரே ஓட்டுவதுதான் நல்லது. வீசுவதற்கும் இறக்குவதற்கும் மட்டும் நீர்மவிசை. அதற்கு வண்டியின் சொந்தப் பம்பே போதும். ஆனால் டிப்பர் பைப் ஒரு பக்கம் மட்டும் தள்ளும். வீச்சுக்கு இரு பக்கமும் தள்ள வேண்டும் என்பதால் இரண்டு வாய் வால்வு தனியாக வைக்க வேண்டும். எந்த வழியானாலும் எண்ணெய்க் கசிவை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசித் துளையில் பீய்ச்சும் எண்ணெய் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது. அட்டையைக் காட்டிப் பார்ப்பதே முறை.

டிராக்டருக்கு உழுவை என்று ஒரு தமிழ்ப் பெயர் சொல்வார்கள். பழந்தமிழில் உழுவை என்றால் புலி. எனக்கு டிராக்டரே போதும்.

கருவிக்கு வருவோம். அடிக்கட்டை அரைப்பான் என்று எழுதுவதை விடலாம். துருவு என்ற வினைக்கு அகராதியில் சுரண்டுதல், துளைத்தல் இரண்டும் உண்டு, இரண்டையும் இந்தச் சக்கரம் செய்கிறது. பொது எழுத்துக்கு அடிக்கட்டைத் துருவி. நம் பக்கத்துப் பேச்சுக்குத் தூர்துருவி. குளத்தில் தூர் வாருகிறோமே, அந்த இயந்திரம் என்று நினைத்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். அந்தத் தூர் வண்டல். அதை வாருவோம், யாரும் துருவ மாட்டோம். நடுவில் த் போட்டுத் ‘தூர்த்துருவி’ என்று எழுத வேண்டியதில்லை. ஊரைச் சுற்றுபவன் ஊர்சுற்றி என்றால், தூரைத் துருவுவது தூர்துருவி.