ஒன்பதரையில் நிற்காத முள்

எங்கள் வேலூர்ப் பக்கம் நீச்சல் என்றால் கிணறுதான். பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பதே அபூர்வம். அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் பெரியப்பா நிலத்தில் பாறையை உடைத்து வெட்டிய அறுபதடிக் கிணறு ஒன்று இருந்தது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு அதில்தான் நீந்தப் பழகினேன். பப்பாளி இலைக் காம்பு உள்ளே குழலாக இருக்கும் அல்லவா, அதன் ஒரு முனையை வாயில் வைத்துக்கொண்டு, மறுமுனையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, முங்கியபடியே மூச்சுவிடுவது எங்கள் விளையாட்டு. தலை மட்டும் முங்கினால் காற்று வரும். மார்பு இரண்டடி இறங்கினால் வராது. காம்பு அடைத்துக்கொண்டது என்று நினைத்து வேறொன்று ஒடித்து வருவோம். அதிலும் வராது.

காம்பின் மேல் குற்றமில்லை. மேலே காற்றின் அழுத்தமே ஏறக்குறைய 1 பார்; தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னும் ஏறக்குறைய 1 பார் கூடுகிறது. இரண்டடி ஆழத்தில் மார்பை 60 சென்டிமீட்டர் நீர் அமுக்குகிறது. காம்பு வழியே வாய்க்கு வருவதோ மேலே இருக்கும் சாதாரணக் காற்று. இந்த வித்தியாசத்தை மார்புத்தசைதான் இழுத்து ஈடுகட்ட வேண்டும். நல்ல திடகாத்திரமான ஆள் முழு பலத்தோடு இழுத்தாலும் ஒரு மீட்டர் நீரழுத்தம் அளவுக்குத்தான் இழுக்க முடியும், அதுவும் ஒரு கணம். ஆகவே ஆழத்தில் மூச்சுவிட வேண்டுமானால், வாய்க்கு வரும் காற்றும் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்திலேயே வர வேண்டும். பெரியப்பா கிணறு நிறைந்திருந்தால் அதன் அடியில் அது 2.8 பார். கடலில் 30 மீட்டரில் 4 பார். இறங்க இறங்க மாறும் அந்த அளவைப் பார்த்து, ஒவ்வொரு மூச்சுக்கும் சரியாகக் கொடுப்பதுதான், காற்று சிலிண்டரைச் சுமந்துகொண்டு முங்கும் ஸ்கூபாவில், ரெகுலேட்டரின் வேலை.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் கம்ப்ரஸர், வால்வு பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். லீவு கிடைத்தால் புதுச்சேரிக்குப் போய்க் கடலுக்குள் இறங்குவேன். வாடகைக் கருவி போதும் என்று பல வருடம் இருந்துவிட்டு, ஒருவழியாகச் சொந்தமாக ஒரு ரெகுலேட்டர் வாங்கினேன். எட்டாவது மாதம் அது 'உஸ்' என்று ஊத ஆரம்பித்தது. அதைவிட என்னை வருத்தியது, அதற்கு, கருவியைத் தயாரித்த கம்பெனி கொடுத்த பதில். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பதில் எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

முதலில் சமையலறைக்குப் போவோம். கேஸ் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், நம் ஊர் வெயிலைப் பொறுத்து, 5 முதல் 8 பார் வரை போகும். அடுப்புக்கு வேண்டியது 0.03 பார். நடுவில் இருக்கும் ரெகுலேட்டருக்குள் ஒரு ரப்பர் சவ்வு, அதன் மேல் ஒரு ஸ்பிரிங், கீழே ஒரு குட்டி வால்வு. அடுப்புப் பக்கம் அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங் சவ்வைக் கீழே தள்ளி வால்வைத் திறக்கும்; கூடினால் சவ்வு மேலே எழும்பி மூடிக்கொள்ளும். மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். சவ்வின் மேல்பக்கம் வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்க அந்தத் துளை தேவை.

இப்போது அந்தத் துளை வழியே காற்றுக்குப் பதில் கடல்நீர் சவ்வை அமுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆழம் கூடினால் அமுக்கம் கூடும், வால்வும் அந்த அளவுக்கு அதிகமாகக் கொடுக்கும். ஸ்கூபா ரெகுலேட்டரின் அடிப்படை இவ்வளவுதான். இதைச் செய்த எமில் கான்யான் என்ற பிரெஞ்சு எஞ்சினியர், போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை எரிவாயுவில் ஓட்ட ஒரு வால்வு செய்திருந்தார். அதே காலத்தில் நம் பக்கமும் கரிவாயுவில் பஸ் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த வால்வைத்தான் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும் அவரும் சேர்ந்து 1943இல் தண்ணீருக்குள் மூச்சுவிடத் தோதாக மாற்றினார்கள்.

முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டரில் இருப்பது 200 பார். ஒரே தாவலில் அதை வாய்க்கு இறக்கினால் சீராக வராது. அதனால் இரண்டு நிலை. சிலிண்டரின் கழுத்தில் மாட்டுவது முதல் நிலை. அது 200 பாரைச் சுற்றியுள்ள நீரைவிட ஒன்பதரை பார் அளவுக்குத்தான் கூடுதல் என்று இறக்கி ஹோஸுக்குள் விடுகிறது. என்னுடையது பிஸ்டன் வகை. ஒரு பக்கம் அகன்ற தலை, மறுபக்கம் துளையுள்ள மெல்லிய தண்டு. பெரிய ஆணி மாதிரி இருக்கும். தண்டின் நுனி கத்தி விளிம்பாகச் சீவப்பட்டு, கெட்டியான ஒரு பிளாஸ்டிக் வில்லையில் போய் உட்காரும். அந்த வில்லைக்குப் பெயர் சீட். ஸ்பிரிங்கும் கடல்நீரும் சேர்ந்து பிஸ்டனை சீட்டிலிருந்து விலக்கப் பார்க்கும். தண்டின் துளை வழியே வந்த காற்று அகன்ற தலையை எதிர்ப்பக்கமாகத் தள்ளி அதை மூடப் பார்க்கும். ஹோஸில் ஒன்பதரை பார் சேர்ந்ததும் காற்று ஜெயித்து, கத்தி விளிம்பு சீட்டில் அழுந்தி, வழி அடைபடும். நாம் மூச்சை இழுத்தால் ஹோஸில் அழுத்தம் இறங்கும், ஸ்பிரிங் ஜெயிக்கும், மறுபடி திறக்கும். ஒரு டைவில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது.

வாயில் கவ்வுவது இரண்டாம் நிலை. கைக்கு அடக்கமான டப்பா. ஒரு பக்கம் ரப்பர் சவ்வு, அதைத் தொட்டுக்கொண்டு ஒரு லீவர். மூச்சை இழுத்தால் சவ்வு உள்ளே குழியும், லீவர் அமுங்கும், வால்வு திறக்கும். மூன்று நான்கு சென்டிமீட்டர் நீரை உயர்த்தும் அளவு இழுப்பு போதும். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்ச இதைவிட அதிகம் வேண்டும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அமைப்பு இருக்கிறது. இரண்டாம் நிலை வால்வை மூடி வைத்திருப்பது ஒரு மெல்லிய ஸ்பிரிங். ஹோஸில் வரும் காற்று அந்த வால்வைத் திறக்கும் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் முதல் நிலை பழுதாகி ஹோஸில் அழுத்தம் ஏறினால், ஹோஸ் வெடிப்பதில்லை. வால்வு தானே திறந்து காற்றை வெளியே விடுகிறது. கெட்டாலும் திறந்தபடி கெட வேண்டும், மூடிக்கொண்டு கெடக்கூடாது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். 'உஸ்' சத்தம் அப்படி வருவதுதான். எங்கோ ஒன்று தேய்கிறது என்று கருவி சொல்கிறது, அதே நேரம் மூச்சையும் நிறுத்தாமல் கொடுக்கிறது.

என் கருவி அதைப் படகில் சொன்னது. நிறைந்த சிலிண்டரில் மாட்டி, வால்வைத் திறந்து, உடையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். நாலைந்து நிமிடம் கழித்து மவுத்பீஸில் மெல்லிய சீறல். டப்பாவின் முகப்பில் காற்றைத் திறந்துவிடும் பட்டனை ஒருமுறை அழுத்தி விட்டதும் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி. தண்ணீரில் இறங்கியதும், நான் மூச்சை வெளியே விடாத நேரத்திலும் வாயோரத்தில் குமிழி கோத்துக்கொண்டு போனது. கூட வந்த பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை மேலே காட்டினார். 'மேலே போவோம்' என்று அர்த்தம். போனோம்.

ஊருக்கு வந்ததும் வேலூர் சைதாப்பேட்டையில் வெல்டிங் ரெகுலேட்டர் சரிபார்க்கும் பாயிடம் எடுத்துப் போனேன். நாற்பது வருடமாக ஆக்ஸிஜன் சிலிண்டரோடு பழகியவர். நான் கொண்டுபோன சிறிய அளவுமானியை, மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸில் மாட்டினோம். சிலிண்டரைத் திறந்ததும் முள் ஒன்பதரைக்கு வந்தது. பாய் பீடியைப் பற்றவைக்காமல் கையில் வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்தார்.

"இரு தம்பி, அவசரப்படாத."

ஒரு நிமிடத்தில் முள் பத்து. இரண்டு நிமிடத்தில் பத்தரை. நான்காவது நிமிடம் பதினொன்றரையைத் தொட்டபோது மவுத்பீஸ் சீறியது.

"சீட்டு போச்சு. இதுல சந்தேகமே இல்ல."

எவ்வளவு சின்னப் பழுது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹோஸ்களுக்குள் இருக்கும் இடம் மொத்தமே நூறு மில்லிக்குள்தான் வரும். அதில் 2 பார் ஏற இருநூறு மில்லி காற்று போதும். ஒரு டம்ளர். இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் காற்று இருக்கும் சிலிண்டரிலிருந்து நான்கு நிமிடத்தில் ஒரு டம்ளர் கசிகிறது. ஆனால் கத்தி விளிம்பு சீட்டில் விழுந்த அதே கீறலில் அழுந்தி அழுந்தி, அந்தக் கீறல் ஆழமாகும். இன்று ஒரு டம்ளர், இன்னொரு நாள் ஒரு குடம். 30 மீட்டர் ஆழத்தில் முழுதாகத் திறந்துகொண்டால் சிலிண்டரே சில நிமிடங்களில் காலியாகிவிடும்.

கருவியை விற்றவர் வழியாகக் கம்பெனிக்கு அனுப்பினேன். தமிழ்நாட்டில் அவர்களுக்கு சர்வீஸ் சென்டர் கிடையாது. ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள்: 'இடைநிலை அழுத்தம் 9.5 பார். பழுது ஏதும் காணப்படவில்லை.'

அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. 9.5 என்பது பொய்யில்லை. சிலிண்டரைத் திறந்த கணத்தில் முள் காட்டுவது அதுதான். அந்தக் கணத்தோடு பார்ப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். ஏறிக்கொண்டே போகும் ஒன்றை ஒருமுறை அளந்தால் அது ஏறுகிறது என்பது எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரி வார்டில் காய்ச்சலை ஒருமுறை பார்த்துவிட்டு விடுவதில்லை, நாலு மணிக்கொரு தடவை பார்த்துக் கட்டில்காலில் தொங்கும் சார்ட்டில் குறிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பேர்போன வேலூரில் அது தெரியாதவர் யார்? ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்திருந்தால் அவர்களே முள் ஏறுவதைப் பார்த்திருப்பார்கள்.

முள் ஏறுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் புது புகார் எண், புது ஆள், முதலிலிருந்து அதே கேள்விகள். மூன்றாவது பதில், நான் கவனமில்லாமல் உள்ளே தண்ணீர் போகவிட்டேன் என்றது. அதற்குக் கருவிக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. முதல் நிலையின் வாசலில் உலோகத் தூளை அழுத்திச் செய்த கூம்பு வடிவ ஃபில்டர் உண்டு. உப்புநீர் போயிருந்தால் அது பச்சை பூக்கும். இரும்பு சிலிண்டரின் துரு போயிருந்தால் செம்பழுப்பு. கம்ப்ரஸரின் கரித்தூள் வந்தால் கறுக்கும். என்னுடையது வாங்கிய அன்று போல வெள்ளியாகப் பளிச்சென்று இருந்தது. படம் எடுத்து அதையும் அனுப்பினேன். இந்தக் கடிதப் போக்குவரத்திலேயே ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது. அப்புறம் வந்த பதிலில் அதைத்தான் சொன்னார்கள்.

எனக்குக் கோபம் பணத்துக்காக இல்லை. ரெகுலேட்டரில் சீட்டும், ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்களும் தேயத்தான் செய்யும், அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறையோ 100 டைவுக்கு ஒருமுறையோ பிரித்து மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே எழுதுகிறார்கள். அப்படியானால் அந்தப் பிரித்து மாற்றும் வேலையும் கருவியின் ஓர் உறுப்புதான். ஸ்பிரிங், பிஸ்டன் மாதிரி அதுவும் ஒரு பாகம். பல கம்பெனிகள் உதிரி பாகத்தையும் சர்வீஸ் கையேட்டையும் தங்கள் அங்கீகார ஆட்களுக்கு மட்டுமே தருகின்றன. உயிர் சம்பந்தப்பட்ட பொருள் என்று அதற்குக் காரணம் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மற்றவர் கையில் கொடுக்கமாட்டேன் என்றால், தன் கையால் ஒழுங்காகச் செய்து தர வேண்டும். கருவி 'உஸ்' என்று சொன்னதைக் கேட்கவும் ஆளில்லை என்றால், திறந்தபடி கெட வேண்டும் என்று அவ்வளவு யோசித்து வைத்த ஏற்பாடு யாருக்கு?

காது கொடுக்காததற்குப் பெரிய உதாரணமே உண்டு. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கருவிக்கு டைவ் கணினி என்று பெயர். 1990களின் நடுவில் விற்ற அப்படி ஒன்றில் மென்பொருள் தவறு இருந்தது. ஆக்ஸிஜன் கூடுதலாகக் கலந்த காற்றில் டைவ் செய்துவிட்டு மேலே வந்தவர், கரையிலும் அதே கலவையைச் சுவாசிப்பதாக அது கணக்குப் போட்டது. உடம்பிலிருந்து நைட்ரஜன் உண்மையைவிட வேகமாக வெளியேறிவிட்டதாகக் காட்டியது. அதை நம்பி அடுத்த டைவுக்கு இறங்கினால் நைட்ரஜன் ரத்தத்தில் குமிழியாகும் ஆபத்து. அமெரிக்காவில் அதைத் திரும்பப் பெற்றது அத்தனை வருடம் கழித்து, 2003இல்.

வேலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம்மூரை வெயிலூர் என்பது சும்மா இல்லை. கத்திரி வெயிலில் கார் டிக்கியில் ரெகுலேட்டரை விட்டால் ரப்பர் சவ்வும் ஓ-ரிங்கும் சீக்கிரம் கெட்டித்துப் போகும். 27 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர் 47 டிகிரிக்குப் போனால் 213 பார் ஆகிவிடும். அந்தக் கூடுதல் பாரத்தை முதலில் தாங்குவது அதே சீட்தான். வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். டைவுக்கு முன்னால் இரண்டு சோதனை யாரும் செய்யலாம். சிலிண்டரைத் திறந்து, ரெகுலேட்டரில் மூச்சு இழுக்காமல் பத்து நிமிடம் அப்படியே வைத்துக் காது கொடுங்கள். பிறகு பஞ்சர் கடையில் டியூபை முக்கிப் பார்ப்பதைப் போல, மவுத்பீஸ் கீழே பார்க்க, முழுவதையும் ஓர் அண்டா நல்ல தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

வாரண்டி போன பிறகு பாய் கடையிலேயே பிரித்தோம். சீட் சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கத்தி விளிம்பு பதிந்த வட்டம் கோலப்புள்ளி மாதிரி ஒழுங்காக இருந்தது. ஒரே இடத்தில் மட்டும் வட்டத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு முடி அளவு கோடு. அவ்வளவுதான்.

"ஒரு மணி நேரத்துல லேத்துல கடைஞ்சு தரேன், எடுத்துட்டுப் போ" என்றார் பாய்.

வேண்டாம் என்றேன். எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு கெட்டி, 200 பாரில் ஆயிரக்கணக்கான முறை அழுந்தினால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான், உள்ள இறங்குறது நீ" என்றார்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேசிப் பார்க்கலாம். நான் பேசிவிட்டு, மாவட்ட ஆணையத்தில் மனுவும் கொடுத்துவிட்டேன். அவர்கள் அனுப்பிய தாள், ஃபில்டரின் படம், முள் ஏறும் வீடியோ மூன்றும் மனுவோடு இருக்கின்றன. கேட்டிருப்பது ஒரு புது சீட்டும், அதைப் பொருத்தியபின் பத்து நிமிடம் முள்ளைப் பார்த்து எழுதிய அளவும். கருவி இப்போது பாய் கடை அலமாரியில், பிரித்தபடி, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது.