வவுச்சர் கையில் இருக்கிறது, வீடு எங்கே?

நியூஜெர்சியில் குறைந்த வருமானக்காரர்களுக்கு வாடகை வீடு பிடித்துக்கொடுக்க உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆலோசகராக இருக்கிறேன். தமிழர் வீட்டு விசேஷங்களில் என் வேலையைச் சொன்னால், "ஓ, செக்‌ஷன் எய்ட்டா? கவர்மென்ட் சும்மா வீடு குடுக்குமே, அதானே?" என்பார்கள்.

சும்மாவும் இல்லை, வீடும் இல்லை. இந்த வாடகை உதவித் திட்டத்தில் கொடுப்பது வவுச்சர் என்ற ஒரு தாள், வாடகையில் ஒரு பங்கை அரசு கட்டும் என்பதற்கு. அதை வாங்கிக்கொள்ள ஒரு வீட்டுக்காரர் சம்மதித்தால்தான் அதற்கு மதிப்பு. இங்கே எடிசன், ஐஸ்லின் ஊர்கள் பக்கம் அந்த வீட்டுக்காரர் பல நேரம் நம்மவர்தான். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய திட்டம் இது. பணம் மத்திய அரசுடையது, நடத்துவது உள்ளூர் வீட்டுவசதி ஆணையம். நாடு முழுக்கச் சுமார் 23 லட்சம் குடும்பங்கள் இதில் இருக்கின்றன. ஆனால் தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஏறக்குறைய ஒன்றுக்குத்தான் மத்திய அரசின் ஏதாவது ஒரு வாடகை உதவி கிடைக்கிறது. மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில், அதுவும் பட்டியல் திறந்திருந்தால். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் மோசடிதான்.

கணக்கைப் பார்ப்போம். கழிவுகள் போக ஒருவரின் மாத வருமானம் 2,100 டாலர். அதில் 30 சதவீதம், 630 டாலர், அவர் பங்கு. அந்த ஊர் வாடகைக்கு ஆணையம் வைத்திருக்கும் உச்சத்தொகை 2,300 என்றால், மீதி 1,670ஐ ஆணையம் நேராக வீட்டுக்காரருக்குக் கட்டும். மின்சாரம், கேஸ் எல்லாம் சேர்த்து வாடகை 2,400 ஆனால், கூடுதல் 100 குடியிருப்பவர் தலையில், மொத்தம் 730. 2,600 என்றால்? அவர் பங்கு 930 ஆகிவிடும். குடிபுகும்போது வருமானத்தில் 40 சதவீதத்தை, அதாவது 840ஐ, தாண்டக் கூடாது. அந்த வீடு இல்லை என்று அர்த்தம். மிச்சத்தைத் தனியாகக் கையில் கொடுத்துவிடுகிறேன் என்பதும் கூடாது. பிடிபட்டால் வவுச்சரே போய்விடும்.

முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை பார்க்கும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள். பல வருடம் காத்திருந்து வவுச்சர் வாங்கினார். வீடு தேட முதலில் 60 நாள். நீட்டிப்பு கேட்கலாம், கொடுப்பது பெரும்பாலும் ஆணையத்தின் விருப்பம். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தெரு, பதில் என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். பதில் வரிசையில் பக்கம் பக்கமாக ஒரே வார்த்தை: "இல்லை".

அதில் ஒரு பெயர் தமிழ்ப்பெயர். நானே கூப்பிட்டேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க, செக்‌ஷன் எய்ட் நாங்க எடுக்கிறதில்ல."

"தம்பி, அப்படிச் சொல்றதே இங்க சட்டத்துக்கு விரோதம், தெரியுமா?"

அவருக்கு உண்மையிலேயே தெரியாது. மத்திய சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. டெக்சாஸில் அவர் வீடு வைத்திருந்தால் பேச்சே வேறு. நியூஜெர்சியின் பாகுபாட்டுத் தடைச் சட்டமோ, வாடகைப் பணம் சட்டப்படி எந்த வழியில் வந்தாலும் அதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்கிறது. இரண்டு குடும்ப வீட்டில் ஒரு பாதியில் உரிமையாளரே குடியிருந்தால் விலக்கு உண்டு. இவர் குடியிருப்பது வேறு ஊரில்.

"வாடகைக்கு மூணு மடங்கு சம்பளம் வேணுமே?" என்றார். அந்தக் கணக்கையும் முழு வாடகைக்குப் போடக் கூடாது, குடியிருப்பவர் பங்குக்கு மட்டும்தான். மேலே போட்ட கணக்கு இந்தப் பெண்ணுடையதுதான்: அவர் பங்கு 730, அதற்கு மூன்று மடங்கு 2,190. பிடித்தம் போகாத சம்பளம் அதைத் தாண்டியது. முந்தைய வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள், வாடகைப் பழக்கத்தைப் பாருங்கள், அதெல்லாம் உங்கள் உரிமை என்றேன். நம் ஆட்களுக்குச் சட்டத்தைவிட இந்த ஒரு வார்த்தைதான் தைரியம் தருகிறது.

அவர் சம்மதித்தார். அப்புறம் ஆணையத்தின் வீட்டுச் சோதனை. முதல் முறை தேறவில்லை. பின்கட்டு மாடிப்படியில் கைப்பிடி இல்லை, ஒரு ஜன்னல் தூக்கினால் நிற்காமல் தொப்பென்று விழுந்தது. வீடு 1978க்கு முன் கட்டியது, சின்னவனுக்கு நான்கு வயது, ஆகவே உரிந்த பெயின்ட்டும் பட்டியலில் ஏறியது. அந்தக்காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். "இவ்வளவு நாள் இருந்தவங்க யாரும் எதுவும் சொல்லலையே" என்று முணுமுணுத்தார். சொல்லியிருக்க மாட்டார்கள்தான்.

சரிசெய்து, இரண்டாம் சோதனை தேறி, ஒப்பந்தம் போட்டபோது நீட்டித்த கெடுவில் ஒன்பது நாள் பாக்கி. அட்வான்ஸை வவுச்சர் தராது. இங்கே ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்கவும் முடியாது. அதை வேறு ஒரு நிதியிலிருந்து தேற்றினோம்.

(இன்னொன்று, அடிக்கடி கேட்கிறார்கள்: அம்மா பெயரில் வவுச்சர் வாங்கி என் வீட்டையே அவருக்கு வாடகைக்கு விடலாமா? பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர், பாட்டி தாத்தா, பேரப்பிள்ளைகளுக்கு விட முடியாது. ஊனம் காரணமாக ஆணையம் தனி அனுமதி தந்தால் மட்டும் விதிவிலக்கு.)

முதல் மாதம் ஆணையத்தின் பணம் வரத் தாமதமாகும் என்று முன்பே எச்சரித்திருந்தேன். ஐந்து வாரம் கழித்து மீண்டும் அதே நம்பரிலிருந்து அழைப்பு. "அக்கா, ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து வந்துடுச்சு. பக்கத்து வீடும் என்னுதுதான், ஜூன்ல காலியாகுது. உங்ககிட்ட வேற யாராவது இருக்காங்களா?"