கல்ட் படம்: பற்றாளர் படம்

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமையே ‘கல்ட் கிளாசிக்’ என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அந்தப் பெயர் அவ்வளவு சீக்கிரம் கிடைக்கக் கூடியதல்ல. வந்தபோது பெரிதாக ஓடாமல், பிறகு ஒரு சிறு கூட்டம் திரும்பத் திரும்பப் பார்த்து, வசனத்தை மனப்பாடம் செய்து, அடுத்தவருக்குக் கைமாற்றிக் காப்பாற்றிய படமே கல்ட் படம். வசூல் குவித்த படம் ‘ஹிட்’, அவ்வளவுதான்.

இலத்தீனில் ‘கோலெரே’ என்றால் உழுதல், பேணுதல், வழிபடுதல். அதிலிருந்து பிறந்த ‘குல்துஸ்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘கல்ட்’ ஆனது. கல்ச்சர், அக்ரிகல்ச்சர் ஆகியவையும் இதே வேரில் முளைத்தவை. வழிபாட்டு முறையைக் குறித்த சொல், நாளடைவில் சிறு குழுவின் தீவிரப் பற்றையும் குறித்தது. 1970 டிசம்பரில் நியூயார்க்கின் எல்ஜின் திரையரங்கம் ‘எல் டோப்போ’ என்ற படத்தை நள்ளிரவுக் காட்சியாக ஓட்டத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் நள்ளிரவுக் காட்சிகள் பரவப் பரவ, சினிமாவோடு இந்தச் சொல்லும் இறுக ஒட்டிக்கொண்டது.

சொல்லின் முழுப் பொருளுக்கும் உரைகல்லாக ‘டார்க் ஸ்டார்’ (1974) படத்தைச் சொல்லலாம். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களான ஜான் கார்ப்பென்டரும் டான் ஓபானனும் 1970இல் 16 மி.மீ. ஃபிலிமில் தொடங்கிய அறிபுனைப் படம் இது. மொத்தச் செலவு ஏறக்குறைய 60,000 டாலர். விண்கப்பலில் வளரும் வேற்றுக்கிரக உயிர், நகம் வைத்த கால்கள் பொருத்திய ஒரு கடற்கரைப் பந்து. அதைப் பந்து என்று ஒளிக்கக்கூட முயலவில்லை. அது தத்தித் தத்தி ஓடும் விதத்திலேயே குறும்புக்காரப் பிராணி ஆகிவிடுகிறது. லிஃப்ட் குழிக்குள் விண்வெளி வீரர் பின்பேக் தொங்கும் காட்சியில் செட்டைப் படுக்கைவசமாகப் போட்டு, கேமராவையும் சாய்த்துவிட்டார்கள். கடைசியில் வெடிக்கத் துடிக்கும், பேசத் தெரிந்த இருபதாம் எண் குண்டிடம், “நீ இருக்கிறாய் என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்று தத்துவம் பேசித் தடுக்கப் பார்க்கிறார்கள். அந்த உரையாடலுக்குச் செலவே இல்லை. படத்தின் உயிரும் அதுதான்.

குறையும் உண்டு. திரையரங்குக்காகக் காட்சிகளைச் சேர்த்து 83 நிமிடமாக நீட்டியதால் நடுப்பகுதி தொய்கிறது. 16 மி.மீ. படத்தை 35 மி.மீ.க்குப் பெரிதாக்கியதில் மணிமணியாகப் புள்ளி தெரிகிறது. மிகச் சிறந்த மாணவர் படமாக இருக்க வேண்டியது மிகச் சாதாரணத் தொழில்முறைப் படமாகிவிட்டது என்ற பொருளில் ஓபானனே பேசியிருக்கிறார். திரையரங்கில் எடுபடாத படத்தைப் பின்னாளில் வீடியோ கேசட் வாழவைத்தது. பந்தை வைத்துச் சிரிக்கவைத்த அதே யோசனையைத்தான் ஓபானன் பயமுறுத்தும்படி மாற்றி ‘ஏலியன்’ (1979) கதையாக எழுதினார்.

தமிழில் என்ன சொல்வது? ‘வழிபாட்டுப் படம்’ என்றால் பக்திப் படம் என்று படும். ‘குறுங்குழுப் படம்’ எண்ணிக்கையைச் சொல்கிறது, அன்பை விட்டுவிடுகிறது. அரசியல் வாடையும் அடிக்கிறது. ‘தமிழ்ப் பற்றாளர்’ நமக்குப் பழகிய சொல் என்பதால் ‘பற்றாளர் படம்’ பொருந்தும். ‘கல்ட் ஃபாலோயிங்’ என்பதைப் பற்றாளர் வட்டம் எனலாம். வெளியானபோது ஓடாமல் பிறகு கொண்டாடப்பட்ட ‘ஆரண்ய காண்டம்’ (2011) தமிழில் தெளிவான பற்றாளர் படம். பேச்சிலும் சிறு குறிப்பிலும் ‘கல்ட் படம்’ என்றே எழுதினாலும் பிழையில்லை. ‘கல்ட் ஹிட்’ என்று மட்டும் வெளியான வாரத்தில் எழுத வேண்டாம்.